பொருநை வழியே சைக்கிள் யாத்திரை

நம் நாட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் மிகப் பலர். சைக்கிளில் யாத்திரை செய்பவர்கள் மிகச் சிலர். பால்காரரும் தபால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் மிதித்துச் செல்லும் அவ்வண்டி, வேலைக்குப் போய்வரும் கருவி என்ற அளவிலேயே நம் எண்ணத்தில் நின்றுவிட்டது. அதே வண்டியில் இரண்டு நாள் உடுப்பையும் ஒரு குப்பித் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு, மலையடிவாரம் தொடங்கிக் கடற்கரை வரை ஓர் ஆற்றைத் தொடர்ந்து சென்றால் நமக்கு என்ன கிடைக்கும், அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பவற்றை இன்று நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். நான் பலமுறை சென்று பழகிய வழி தாமிரபரணிக் கரை. பழைய நூல்கள் பொருநை என்று போற்றும் ஆறு அதுவேயாகும்.

சைக்கிள் யாத்திரை மேனாடுகளில் நெடுநாளைய வழக்கம். இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு சங்கம் 1878-ஆம் ஆண்டில் ஹாரோகேட் நகரில் தோன்றிவிட்டது. காற்றடைத்த டயரை டன்லப் என்பவர் பெல்பாஸ்ட் நகரில் செய்து காட்டியது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1888-இல்தான். அதற்கு முன்னரே, முன்சக்கரம் ஆளுயரத்திற்கு நிற்கும் பழைய வண்டியில், 1884-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ், வட இந்தியாவையும் கடந்து 1886-இன் இறுதியில் ஜப்பானிலுள்ள யோகஹாமாவை அடைந்தார். பிரான்ஸ் தேசத்தில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரால் புகழ்பெற்ற பால் தெ விவி, மலைப்பாதைகளில் ஏறுவதற்கு ஏற்ற பல்சக்கர மாற்று முறையைப் பரப்பியதோடு, யாத்திரை செய்வோருக்குச் சில நியமங்களையும் வகுத்தார். பசி வருமுன் சிறிது உண்க, தாகம் வருமுன் சிறிது பருகுக, களைத்து விழும்வரை மிதிக்காதே என்பது அவற்றின் சாரம். நம் ஊர் வெயிலுக்கு இவை இன்னும் பொருந்தும்.

இனி, ஏன் சைக்கிள் என்ற வினாவுக்கு வருவோம். நடப்பவன் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் செல்வான். அவன் எல்லாவற்றையும் பார்ப்பான். ஆனால் ஓர் ஆறு முழுவதையும் தொடர்ச்சியாக மனத்தில் இருத்திக்கொள்வதற்குள் நாள்கள் பல கழிந்துவிடும். பஸ்ஸில் செல்பவனுக்கு ஓர் ஊர் ஒரு நிமிடத்தில் கடந்துபோகிறது. ஆறு அவனுக்குப் பாலத்தின் மேல் மட்டும் தென்படும். சைக்கிள் மணிக்குப் பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் செல்லும். காலையில் கண்ட மதகும் மாலையில் கண்ட வயலும் ஒரே வாய்க்காலைச் சேர்ந்தவை என்பதை உணர்வதற்கு இவ்வேகமே தக்கது. அன்றியும், வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும் உயரத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். வேண்டிய இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம். வயலில் நிற்பவரும் சைக்கிளில் வருபவரை அயலாராக எண்ணுவதில்லை, ‘எங்கேயிருந்து வாரிய?’ என்று அவரே பேச்சைத் தொடங்கிவிடுவார்.

ஆற்று வழியைத் தேர்ந்துகொள்வதற்கும் காரணம் உண்டு. ஆறு மிகக் குறைந்த சரிவுள்ள வழியைத் தேடி ஓடுவது. அதன் கரையைப் பற்றிய சாலையும் பெரும்பாலும் அப்படியே அமையும். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஓர் ஊர்; ஊருக்கு ஒரு படித்துறை; வழியெல்லாம் நிழல். புதிதாகப் புறப்படுபவருக்கு இவற்றைவிட வேறு சௌகரியம் வேண்டுவதில்லை.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டிலேயே அமைந்த ஆறு இது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்கிறது. வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்கிறது. இரு மழையும் பெறுவதால் இங்கே கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு நெற்போகங்கள் நிலைபெற்றன. பாபநாசத்திற்கும் ஸ்ரீவைகுண்டத்திற்கும் இடையில் இந்த ஆற்றைக் குறுக்கே மறித்து எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன மேலிருந்து கீழாக அவற்றின் பெயர்கள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. இந்த எட்டுப் பெயர்களையும் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுங்கள். இவ்யாத்திரைக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

எந்தத் திசையில், எக்காலத்தில் செல்வது? சைக்கிள்காரனுக்கு மேட்டைக் காட்டிலும் பெரிய எதிரி காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நாம் செல்லும்போது அதே வேகத்தில் எதிர்காற்று அடித்தால், நம் உடலின்மேல் மோதும் காற்றின் வேகம் 30 ஆகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதே காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் தடை ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக வீசும். அக்காலத்தில் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் காற்றே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். வெயிலின் கொடுமை வேண்டாம் என்பவர்கள் தை, மாசி மாதங்களில் செல்லலாம். பிசான நெல் விளைந்து தலைசாய்த்து நிற்கும் காலம் அது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வெள்ளத்திற்கு அஞ்சி ஒதுங்கியிருப்பதே அறிவுடைமை.

வண்டி புதியதாகவோ விலையுயர்ந்ததாகவோ இருக்கவேண்டியதில்லை. நம் ஊர்க் கறுப்பு சைக்கிள் போதும். பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 48 பல்லும், பின்னதில் 18 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறையச் சுற்றும். வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 40 சுற்று மிதித்தாலே மணிக்கு 14 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகம் இது. பின்பக்கம் பெரிய பல்சக்கரம் பூட்டினால் மேட்டில் கால் வலிக்காது. ஆனால் ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் குறையும். கியர் வைத்த வண்டி செய்வதெல்லாம் இக்கணக்கை வேண்டியபோது மாற்றித் தருவதே.

சீட்டின் உயரத்தைச் சரிசெய்துகொள்வது மிக முக்கியம். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் இரண்டாம் நாள் முழங்கால் வலி வந்துவிடும். மூட்டையை முதுகில் சுமக்கக் கூடாது. கேரியரின் இரு பக்கமும் சம எடையாக, தாழ்வாகத் தொங்கும்படி இரண்டு பைகளில் கட்டிக்கொள்ள வேண்டும். எடை உயரத்தில் இருந்தால் வண்டி தள்ளாடும். பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஒரு மாற்று ட்யூப், கைப்பம்பு, ஸ்பேனர், சிறிது எண்ணெய் ஆகியவை போதுமானவை. இவ்வட்டாரத்தில் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் டயருக்குப் பகை. சாலையை விட்டு நிழலில் ஒதுங்கும்போது வண்டியை உருட்டாமல் தூக்கி வைப்பது நல்லது.

நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஐந்து நாளில் கடலை அடையலாம். சூரியன் எழுமுன் புறப்பட்டுப் பத்து மணிக்குள் பாதி வழியைக் கடந்துவிடுவதும், உச்சிவெயிலில் ஒரு கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ இளைப்பாறுவதும், பிற்பகலில் எஞ்சிய வழியை முடிப்பதும் உத்தமம்.

முதல் நாள் பாபநாசத்தில் தொடங்குவோம். அதற்கு மேலே உள்ள மலை, 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக இருப்பதால், அங்கே தனித்துச் சைக்கிளில் அலைவது தகாது. பாபநாசம் அருவிப் பக்கம் நிற்கும்போது வ.வே.சு. ஐயரை நினையாமல் இருக்க முடியாது. 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அருவியில் விழுந்த மகளைக் காக்க முயன்று அவரும் உயிர் துறந்த இடம் இது. அருவிக்குக் கீழே, 1880-களில் ஹார்வி சகோதரர்கள் நீரின் விசையை நம்பி நிறுவிய பஞ்சாலையால் வளர்ந்தது விக்கிரமசிங்கபுரம். சிவஞான முனிவர் பிறந்ததும் அவ்வூரிலேதான்.

மலையடிவாரத்துச் சாலை மேடும் பள்ளமுமாகச் செல்லும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஓடையோ காலோ குறுக்கிடும். ஒவ்வொரு மேட்டிலும் செம்மண்ணும் பாறையும் தலைகாட்டும். இப்பகுதியில் ஊர்கள் அமைந்துள்ள முறையைக் கவனியுங்கள். வீடுகள் மேட்டின் விளிம்பில் இருக்கும். கீழ்ப்பக்கம் நன்செய், மேல்பக்கம் புன்செய். நல்ல வயலில் வீடு கட்டி விளைநிலத்தைக் குறைக்காமலும், வெள்ளம் வந்தால் வீடு நனையாமலும் முன்னோர் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். பெடலை அழுத்தும் காலுக்கு அந்தக் கோடு உடனே தெரிந்துவிடும். மிதி கனத்தால் ஊர் வருகிறது. மிதி இலகுவானால் வயல் வருகிறது.

அம்பாசமுத்திரத்தை அடுத்துள்ள மன்னார்கோயிலும் பிரம்மதேசமும் காணவேண்டியவை. மன்னார்கோயிலில் உள்ள ராஜகோபால சுவாமி கோயில் பதினோராம் நூற்றாண்டில் ஒரு சேர மன்னன் சோழ அரசன் பெயரால் ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று எடுத்தது. பிரம்மதேசத்துக் கைலாசநாதர் கோயில், இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெரிய கோயிலா என்று வியக்க வைக்கும். அந்த வியப்புக்கு விடை கோயிலைச் சுற்றியுள்ள வயல்களில் இருக்கிறது. வாய்க்கால் தந்த நெல்லே கல்லாக நிமிர்ந்து நிற்கிறது.

பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வந்தால் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்திற்குப் பேர்போன ஊர். இங்கிருந்து கன்னடியன் கால் நம்முடன் வருகிறது. இக்காலைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர், ஒரு பசுவைப் பின்தொடர்ந்து சென்று, அது நடந்த வழியே வாய்க்கால் வெட்டினாராம். அது படுத்த இடத்தில் குளமும், நீர்விட்ட இடத்தில் மடையும் அமைத்தாராம். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதனுள் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. பசு மேட்டில் வீணாக ஏறாது. சரிவுக்குக் குறுக்கே, மட்டத்தை அனுசரித்தே நடக்கும். வாய்க்கால் வெட்டுபவனுக்கும் அதுதான் வேண்டும். ஆற்றைவிடச் சரிவு குறைந்த வழியில் நீரை நடத்திச் சென்றால்தான், சிறிது தூரம் போனதும் வாய்க்கால் ஆற்றைவிட உயரத்தில் இருக்கும். இடையிலுள்ள நிலத்துக்குத் தானாகவே நீர் பாயும். சைக்கிளில் செல்பவனும் இந்தப் பசுவின் வழியைத்தான் நாடுகிறான். ஆகவே, வாய்க்கால் கரையில் மிதிப்பது எளிதாக இருக்கிறது.

இரண்டாம் நாள் வீரவநல்லூர்ப் பக்கமிருந்து கிளைவழியாகத் திருப்புடைமருதூர் செல்லலாம். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், மருத மரங்களின் நடுவே நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. அதன் கோபுரத்தின் உள்நிலைகளில் மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் நிறைந்துள்ளன. அரபிக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கும் காட்சியும் அவற்றுள் ஒன்று. வெளியே மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். 2005-ஆம் ஆண்டு முதல் அவ்விடம் பறவைகளுக்கான பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

மீண்டும் சாலைக்கு வந்தால், மட்பாண்டத்துக்கும் நாகசுவர மேதை அருணாசலத்துக்கும் பெயர்பெற்ற காருகுறிச்சி, அதையடுத்துச் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயரின் குருகுலம் நடந்த ஊர் இது. அங்கே சில மாணவர்களுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து 1924, 1925-ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி, தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. முதல் நாள் அருவியில் நினைத்த மனிதரை அடுத்த நாள் இவ்வூரில் வேறொரு முகத்தோடு நினைக்கிறோம். ஒரே ஆற்றின் கரையில், ஒரு நாள் தூரத்தில், ஒருவருடைய பெருமையும் அவரைச் சூழ்ந்த பூசலும் இருப்பதைக் காணும்போது, சரித்திரம் புத்தகத்தில் படித்ததைவிடக் கனமாகத் தோன்றுகிறது.

சேரன்மாதேவிக்கு அப்பால் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை வெட்டிக் காயவைத்து, ஓடும் நீரில் ஊறப்போட்டு, நூல்போலக் கிழித்து நெய்யும் பட்டுப்பாய் உலகறிந்தது. பத்தமடைப் பாயின் மென்மைக்குப் பாதிக் காரணம் நெய்பவரின் விரல் என்றால், மறுபாதி அந்த நீர். பக்கத்தில் ஒரு மடையோரம் நின்றுகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “அண்ணாச்சி, இந்தத் தண்ணீர் யாருக்கெல்லாம் போகிறது?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் வாய்க்காலின் மடைகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு, “மேலமடைக்காரன் அசந்து தூங்கினா கீழமடைக்காரன் வயிறு காயும். அதனால யாரும் தூங்கப்பிடாது, பாத்துக்கிடுங்க” என்றார். நீர்ப்பாசன நூல் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் திருநெல்வேலி. ஆற்றின் நடுவே குறுக்குத்துறை முருகன் கோயில் நிற்கிறது. நீர் வரும் திசையில் அதன் முகப்பு படகின் முன்பகுதிபோல் கூராக அமைந்திருப்பதால், வெள்ளம் இருபுறமும் பிளந்து ஓடும். கோயில் முழுகும், ஆனால் நிற்கும். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே, சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதன்மேல் சைக்கிளை நிறுத்தி ஆற்றைப் பார்ப்பது ஓர் இன்பம்.

நகரத்துக்குள் நுழைந்ததும் வேறொன்றும் கண்ணில் படுகிறது. பழவூர் அணையிலிருந்து புறப்படும் பாளையங்கால், மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகச் செல்கிறது. சுத்தமல்லி அணையிலிருந்து வரும் நெல்லைக் கால் மறுகரையில் ஓடுகிறது. முந்தின நாள் கிராமங்களில் பெண்கள் துணி துவைக்கவும் பிள்ளைகள் குதித்து நீந்தவும் கண்ட அதே ஆற்றுநீர், இங்கே வீடுகளின் கழிவையும் கடைகளின் குப்பையையும் சுமந்து கறுத்துப் போகிறது. தெருவில் நின்ற ஒரு சிறுவனிடம், “தம்பி, இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டேன். “சாக்கடை, சார்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பெயர் தெரியாத வாய்க்காலை யாரும் காப்பதில்லை. நான் இன்று உங்களிடம் சொல்ல வந்த செய்தியும் இதுவே.

நான்காம் நாள், சிற்பத்துக்குப் புகழ்பெற்ற கிருஷ்ணாபுரத்தைக் கண்டு, செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக ஆதிச்சநல்லூர் அடையலாம். சாலை இங்கே ஒரு பரம்பின்மேல் ஏறுகிறது. கல்லும் சரளையுமான, உழவுக்கு உதவாத மேடு அது. முன்னோர் இறந்தவர்களைத் தாழிகளில் இட்டுப் புதைத்தது இந்த மேட்டில்தான். 1876-இல் ஜெர்மானியரான ஜாகர் என்பவரும், பிறகு 1899 முதல் 1905 வரையில் அலெக்ஸாண்டர் ரீ என்பவரும், 2004, 2005-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினரும் இங்கே அகழ்ந்து பார்த்தார்கள். தாழிகள் புதைந்த நிலையிலேயே காணும்படி, அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடித் தளம் அமைத்து 2023-இல் காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். வடகரையில் உள்ள சிவகளையில் ஒரு தாழியிலிருந்து கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இறந்தவர்களுக்கு மேடு, இருப்பவர்களுக்கு வயல் என்று பிரித்துவைத்த அறிவும், நெல்லைத் தாழியில் இட்டு வழியனுப்பிய அன்பும், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பரம்பின்மேல் ஏறும்போது பெடல் கனக்கிறது. கீழே இறங்கும்போது வயல்காற்று முகத்தில் படுகிறது. அந்தப் பிரிவினையை உடம்பாலேயே அறிந்துகொள்ளலாம்.

அப்பால் ஸ்ரீவைகுண்டம் அணை, எட்டாவதும் கடைசியுமானது. வடகால், தென்கால் என இரண்டாகப் பிரிந்து நீர் இருபுறமும் செல்கிறது. ஆற்றின் இரு கரைகளிலும் நவதிருப்பதிக் கோயில்கள் அருகருகே அமைந்திருப்பதால் சைக்கிளில் ஒரே நாளில் அவற்றைச் சுற்றி வரலாம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் வீற்றிருந்ததாகப் போற்றப்படும் புளியமரத்தைக் காணலாம். வாழைத் தோட்டங்களின் ஈரக்காற்று மாலைநேரத்தில் களைப்பைத் தீர்க்கும்.

இப்பகுதியிலேதான் ஆற்றின் மறுமுகத்தையும் அறியவேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் வண்டியே பயணிகளோடு சிக்கிக்கொண்டது, ஏரலும் சுற்றூர்களும் நீரில் மூழ்கின. அத்தகைய மழையை எந்தக் குளமும் தாங்காது என்பது உண்மைதான். ஆயினும் மேட்டின் விளிம்பில் இருந்த பழைய ஊரையும், பின்னாளில் பள்ளத்தில் கட்டிய புதுக் குடியிருப்பையும் அருகருகே பார்த்துக்கொண்டு சைக்கிளில் செல்பவனுக்கு, முன்னோர் கிழித்த கோட்டின் பொருள் நன்றாக விளங்கும். மணலைப் பற்றியும் அப்படியே. ஆற்றுமணல் நீரைத் தாங்கி வைத்துக் கோடையில் கிணறுகளுக்குத் தருகிறது. அதை அளவின்றி அள்ளியதனால், 2010-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் எடுப்பதற்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள் ஏரலைக் கடந்து கொற்கைக்குச் செல்கிறோம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இது. யவன நூலாசிரியர்களும் குறித்த பட்டினம். இன்று அங்கே கடலைக் காண முடியாது. வயலும் குளமும் பனையும் சூழ்ந்த ஒரு சிற்றூர். அக்கசாலை என்ற பெயர் மட்டும், நாணயம் அடித்த காலத்தை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தடயம் கிடைத்தது. கடல் எங்கே போயிற்று? ஆறு நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. கொற்கை போய்ப் பழையகாயல் வந்தது. அதுவும் தூர்ந்து புன்னைக்காயல் வந்தது. கொற்கையிலிருந்து கடல்வரை நாம் மிதிக்கும் சில கிலோமீட்டர் தூரமும் பொதிகை மலையின் மண். ஐந்து நாள் முன்பு நாம் அண்ணாந்து பார்த்த மலையின் துகள்.

புன்னைக்காயலில் உப்புக்காற்று வீசுகிறது. ஹென்றீக் ஹென்றீக்கஸ் பாதிரியார் தமிழில் எழுதிய அடியார் வரலாறு 1586-இல் இவ்வூரில் அச்சானதாகக் கருதப்படுகிறது. இந்திய மொழிகளின் மிகப் பழைய அச்சு நூல்களுள் அதுவும் ஒன்று. ஆற்றின் தலையில் முனிவர் இலக்கணம் வகுத்தார் என்பது கதை. ஆற்றின் வாயில் தமிழ் அச்சேறியது என்பது வரலாறு. இவ்விரண்டுக்கும் நடுவே எட்டு அணைகளும் எண்ணற்ற மடைகளும் இருக்கின்றன.

நேயர்களே, இந்த யாத்திரைக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பெரும் பலமும் வேண்டியதில்லை. எந்த ஆறு உங்களுக்கு அருகில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வைகையாயினும் சரி, பாலாறாயினும் சரி. முதலில் ஒரு வாய்க்காலின் தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒரே நாளில் போய்வாருங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு மதகின் பெயரையும் அங்குள்ளவர்களிடம் கேட்டு ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவர்களிடம் அப்பெயர்களைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். கடைமடையை அடையும்போது அங்கே நீர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பாருங்கள். இருந்தால் மேலே எத்தனையோ பேர் தூங்காமல் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். இல்லையானால், எந்த மடையில் அது நின்றது என்பதை உங்கள் குறிப்பேடு சொல்லும்.